ஷார்ப்லெஸ் டைஹைட்ராக்சிலேற்றம்: எடை போடுவதிலிருந்து மிகை அளப்பது வரை

இரட்டைப் பிணைப்பு ஒன்றின் மேல் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளை ஒரே பக்கமாக வைக்க வேண்டுமென்றால், ஆஸ்மியம் டெட்ராக்சைடைப் போலச் சொன்ன பேச்சு கேட்கும் வினைப்பொருள் அரிது. அதற்கு ஒரே ஒரு குறை. இரட்டைப் பிணைப்பைச் சுற்றி மூலக்கூறு தட்டையாக இருக்கிறது. அதற்கு மேல்முகமும் உண்டு, கீழ்முகமும் உண்டு. ஆஸ்மியத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே வலக்கையும் இடக்கையும் போல, ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமான இரண்டு டையால்கள் சரிபாதியாகக் கலந்து வரும். ஒரு கையை மட்டும் கேட்கிறவருக்கு அதில் பாதி வீண்.

ஆஸ்மியத்துக்கு முகம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் பாரி ஷார்ப்லெஸ். 1980-இல் சின்கோனா மரத்து ஆல்கலாய்டுகளின் வழிப்பொருள்களை ஆஸ்மியத்தோடு சேர்த்து முதல் வெற்றி கண்டார்கள். அப்போது ஆஸ்மியம் ஆல்கீனுக்கு, அதாவது இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுக்கு, சமமான அளவில் தேவைப்பட்டது. விலையையும் நச்சுத்தன்மையையும் வைத்துப் பார்த்தால் யாரும் திரும்பச் செய்யத் துணியாத வேலை. 1988-இல் சிறிதளவு ஆஸ்மியமே போதும் என்ற வினையூக்க முறை வந்தது. 1992-இல் இன்று நாம் பயன்படுத்தும் செய்முறை ஏறக்குறைய முழு வடிவம் பெற்றது. 2001-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி ஷார்ப்லெஸுக்குப் போனது. மறுபாதியைச் சமச்சீரற்ற ஹைட்ரஜனேற்றத்துக்காக நோல்ஸும் நொயோரியும் பகிர்ந்துகொண்டார்கள்.

உலோக வினையூக்கியால் ஆல்கீனில் நடக்கும் சமச்சீரற்ற சேர்க்கை வினைகளில் எதை முதலில் செய்து பழகுவது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஹைட்ரஜன் சிலிண்டர் வேண்டாம். உலர்ந்த கரைப்பான் வேண்டாம், ஆர்கான் பலூன் வேண்டாம். தண்ணீரே இதில் ஒரு கரைப்பான். குடுவையின் வாய் திறந்திருந்தாலும் பாதகமில்லை. இருந்தும் இதைச் செய்து கெடுத்தவர்கள் உண்டு. நானும் செய்து கெடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் கெட்டது ஈனியால் அல்ல, கலக்கியால்தான். அது ஏன் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டாம் சுழற்சி என்னும் திருட்டு வழி

ஈனி, அதாவது ஆஸ்மியத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஆல்கலாய்டு வழிப்பொருள், இரண்டு வேலை செய்கிறது. ஆல்கீனின் ஒரு முகத்தை மறைத்து மற்றொன்றைத் திறந்துவைக்கிறது. அதோடு வினையை வேகப்படுத்துகிறது. பிரிடின் போன்ற அமீன்கள் ஆஸ்மியம் வினையை விரைவுபடுத்தும் என்பதை 1930-களிலேயே ஜெர்மனியில் கிரீகே கண்டிருந்தார். இந்த இரண்டாவது குணம் இல்லாவிட்டால் முறையே நின்றிருக்காது. ஈனி இல்லாத ஆஸ்மியமும் குடுவையில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஈனி பிடித்த ஆஸ்மியம் அதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடுவதால்தான் பந்தயத்தில் நாம் விரும்பும் கை வெல்கிறது.

வினை நடந்ததும் ஆஸ்மியம் எட்டு என்ற ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து ஆறுக்கு இறங்குகிறது. டையாலோடு எஸ்டராகப் பிணைந்து நிற்கிறது. இனி நடக்க வேண்டியவை இரண்டு. எஸ்டர் நீராற்பகுப்படைந்து டையால் விடுபட வேண்டும். ஆஸ்மியம் மறுபடி எட்டுக்கு ஏற வேண்டும். முதலில் நீராற்பகுப்பு, பிறகு ஆக்சிஜனேற்றம் என்ற வரிசையில் நடந்தால் எல்லாம் நலம். வரிசை மாறினால் வந்தது வினை. டையாலை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் எஸ்டரே எட்டுக்கு ஏறி, அடுத்த ஆல்கீனைப் பிடித்துவிடும். இந்த இரண்டாம் சுழற்சியில் ஈனிக்கு இடமில்லை. முகம் பார்க்காத வினை நடக்கும். மிகை, அதாவது வேண்டிய கை மற்றதைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்ற கணக்கு, சரியும்.

1988 முறையில் அசிட்டோனும் தண்ணீரும் ஒரே அடுக்காகக் கலந்திருந்தன. ஆக்சிஜனேற்றியான என்-மெத்தில்மார்ஃபோலின் என்-ஆக்சைடும் ஆல்கீனும் ஆஸ்மியமும் ஒரே அறையில் இருந்தன. அதனால் திருட்டு வழி திறந்தே கிடந்தது. ஆல்கீனைச் சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்கில் சேர்த்து ஒருவாறு சமாளித்தார்கள். 1990-இல் வந்த தீர்வு எளிமையானது. ஆக்சிஜனேற்றியாகப் பொட்டாசியம் ஃபெரிசயனைடை வைத்து, பொட்டாசியம் கார்பனேட்டும் சேர்த்து, டெர்ஷியரி பியூட்டனாலும் தண்ணீரும் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும்படி செய்தார்கள். ஃபெரிசயனைடு கீழே நீர் அடுக்கில் அடைந்து கிடக்கிறது. ஆல்கீனும் ஈனியும் மேலே. எஸ்டர் உடைந்து டையாலைக் கைவிட்ட பிறகுதான் ஆஸ்மியம் கீழே இறங்கித் தண்ணீரில் கரைய முடியும். அங்கேதான் அது எட்டுக்கு ஏறும். ஆக, திருட்டு வழிக்குப் பூட்டுப் போட்டது கரைப்பான்களின் பிரிவு. கீழே வரும் படிகளில் பாதி இந்தப் பூட்டைக் காப்பதற்காகவே இருக்கின்றன.

எந்த ஆல்கீன் ஒத்துழைக்கும்

பழகுவதற்கு டிரான்ஸ்-ஸ்டில்பீன். எத்திலீனின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு ஃபீனைல் வளையம், எதிரெதிர்ப் பக்கங்களில். வெள்ளைத் திண்மம், எடை போட எளிது, மிகை 99.5 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். விளையும் டையாலுக்கு ஹைட்ரோபென்சாயின் என்று பெயர். வேறு ஈனிகள் செய்ய அது நல்ல மூலப்பொருள் என்பதால் செய்தது வீணாகாது.

பொதுவாக, டிரான்ஸ் அமைப்புள்ளவையும் மூன்று பதிலிகள் (ஹைட்ரஜனுக்குப் பதிலாக உட்கார்ந்த தொகுதிகள்) கொண்டவையும் சிறந்தவை. 1-ஃபீனைல்சைக்ளோஹெக்சீன் 99 சதவீதம், டிரான்ஸ்-5-டெசீன் 97 சதவீதம் தருகின்றன. முனையில் இரட்டைப் பிணைப்பு உள்ளவற்றில் அரோமாட்டிக் வளையம் இருக்கிறதா என்பதே கேள்வி: ஸ்டைரீனுக்கு 97, 1-டெசீனுக்கு 84. சிஸ் ஆல்கீன்கள், அதாவது பெரிய தொகுதிகள் இரண்டும் ஒரே பக்கத்தில் உள்ளவை, இந்த முறையின் பலவீனம். அவற்றுக்கென்று வேறு ஈனி உண்டு என்றாலும் பலன் சுமார்தான். சிஸ் ஆல்கீன்தான் கையில் இருக்கிறதென்றால் ஜேக்கப்சன்–கட்சுகி மாங்கனீசு எபாக்சிஜனேற்றத்தை முதலில் யோசிப்பேன். அல்லைலிக் ஆல்கஹால் என்றால் ஷார்ப்லெஸின் டைட்டானியம் எபாக்சிஜனேற்றம் இருக்கிறது. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியைப் போட்டுத் திருகுவதில் பொருளில்லை.

ஆல்ஃபாவா, பீட்டாவா

கடையில் கிடைக்கும் கலவைப் பொடிக்கு ஏடி-மிக்ஸ் என்று பெயர். அதில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வகை. ஆல்ஃபாவில் உள்ள ஈனி குயினைனிலிருந்து செய்யப்படுகிறது, பீட்டாவில் உள்ளது குயினிடினிலிருந்து. இரண்டும் சின்கோனா பட்டையில் இருப்பவை. 1860-களில் மலேரியாவுக்கு மருந்தென்று நீலகிரியில் நடுவட்டத்திலும் தொட்டபெட்டாவிலும் அரசு தோட்டம் போட்டு வளர்த்த அதே மரம்தான். குயினைனும் குயினிடினும் ஒன்றுக்கொன்று சரியான கண்ணாடிப் பிம்பங்கள் அல்ல. முக்கியமான கார்பன்களில் மட்டும் எதிரெதிர். அதனால்தான் ஆல்ஃபாவும் பீட்டாவும் எதிர்க் கைகளைத் தந்தாலும் மிகையில் சிறு வேறுபாடு தெரியும்; பெரும்பாலும் பீட்டாவின் கை ஓங்கியிருக்கும்.

எந்தக் கை வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல ஷார்ப்லெஸ் குழு ஒரு வரைபடம் தந்திருக்கிறது. ஒரு தாளை மேசையில் வைத்து, இரட்டைப் பிணைப்பைக் கிழக்கு மேற்காக வரையுங்கள். நான்கு பதிலிகளும் நான்கு மூலைகளில் வரும். தென்மேற்கு மூலை பெரிய தொகுதிக்கு. அரோமாட்டிக் வளையத்தை அது வரவேற்கும். வடகிழக்கு நடுத்தரமான தொகுதிக்கு. தென்கிழக்கு மிக நெருக்கடியான இடம், ஹைட்ரஜனைத் தவிர எதையும் அங்கே உட்கார வைக்க முடியாது. வடமேற்கு ஓரளவு திறந்தது. இப்படி உட்கார வைத்த பிறகு, பீட்டா என்றால் இரண்டு ஹைட்ராக்சிலும் தாளுக்கு மேலிருந்து வரும். ஆல்ஃபா என்றால் தாளுக்கு அடியிலிருந்து.

ஸ்டில்பீனை வைத்துப் பாருங்கள். தென்மேற்கில் ஒரு ஃபீனைல், வடகிழக்கில் ஒரு ஃபீனைல், மற்ற இரண்டு மூலைகளிலும் ஹைட்ரஜன். மேலிருந்து ஹைட்ராக்சில் சேர்த்து, முன்னுரிமை வரிசையை எண்ணினால் இரண்டு கார்பனும் ஆர் என்று வரும் (ஆர், எஸ் என்பவை ஒரு கார்பனின் கையைச் சொல்லும் இரண்டு குறிகள்). பீட்டா தருவது ஆர்,ஆர்-ஹைட்ரோபென்சாயின். ஆல்ஃபா தருவது எஸ்,எஸ். வினை தொடங்குமுன் ஒரு முறை கையால் வரைந்து பார்த்துவிடுங்கள். தவறான புட்டியைத் திறந்துவிட்டு மறுநாள், ஒளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் போலாரிமீட்டர் முன்னால் விழித்துக்கொண்டு நிற்பதைவிட அது மேல்.

கை வைக்கும் முன்

ஆஸ்மியம் டெட்ராக்சைடு எளிதில் ஆவியாகும், கண்ணைத் தாக்கும். ஏடி-மிக்ஸில் இருப்பது ஆவியாகாத பொட்டாசியம் ஆஸ்மேட் என்பது பெரிய நிம்மதி. ஆனால் வினையின்போது அதிலிருந்து டெட்ராக்சைடு உருவாகத்தான் செய்கிறது. ஆகவே ஃப்யூம் ஹூட், நைட்ரைல் கையுறை, கண்ணாடி மூன்றும் தப்பக் கூடாது. சிந்தினால் சோள எண்ணெயை ஊற்றுங்கள். ஆஸ்மியம் ஒடுக்கமடைந்து கறுத்து நின்றுவிடும்.

இரண்டாவது எச்சரிக்கையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபெரிசயனைடு உள்ள நீர் அடுக்கில் வலிமையான அமிலம் படக் கூடாது. ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும் அபாயம் உண்டு. வினை முடிந்ததும் நடுநிலையாக்கலாம் என்று பழக்கதோஷத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுக்கிற கை இந்த வினையில் ஆபத்தான கை.

படி 1: எடை

ஒரு மில்லிமோல் ஆல்கீனுக்கு 1.4 கிராம் ஏடி-மிக்ஸ் என்பது கணக்கு. ஐந்து மில்லிமோல் அளவில் செய்வோம். தேவை: ஏடி-மிக்ஸ் பீட்டா 7 கிராம், டிரான்ஸ்-ஸ்டில்பீன் 901 மில்லிகிராம், மீத்தேன்சல்ஃபோனமைடு 475 மில்லிகிராம். பிறகு தேவைப்படும் சோடியம் சல்ஃபைட்டையும் 7.5 கிராம் இப்போதே எடுத்து மூடி வையுங்கள்.

7 கிராம் பொடியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஏறக்குறைய 4.9 கிராம் ஃபெரிசயனைடு, 2.1 கிராம் பொட்டாசியம் கார்பனேட், 39 மில்லிகிராம் ஈனி. ஆஸ்மியம் உப்போ வெறும் 7 மில்லிகிராம். ஆல்கீனோடு ஒப்பிட்டால் ஈனி 1 மோல் சதவீதம், ஆஸ்மியம் 0.4 மோல் சதவீதம். எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஆஸ்மியம் உப்பு உள்ள இந்தப் பொடியில் ஆஸ்மியம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நெடுநாள் அசையாமல் இருந்த புட்டியை மூடியோடு நன்றாகக் குலுக்கிவிட்டு எடுங்கள். அரை மில்லிமோலுக்கும் குறைவான வினை என்றால் பொருள்களைத் தனித்தனியாக எடை போட்டுச் சேர்ப்பதே நல்லது.

படி 2: இரண்டு அடுக்கு

நூறு மில்லிலிட்டர் வட்ட அடிக் குடுவை எடுங்கள். நீள்வட்ட வடிவக் காந்தக் கலக்கி, கிடைப்பதில் பெரியதாக. 25 மில்லிலிட்டர் டெர்ஷியரி பியூட்டனால், 25 மில்லிலிட்டர் தண்ணீர், 7 கிராம் பொடி.

டெர்ஷியரி பியூட்டனாலின் உருகுநிலை 25 டிகிரியை ஒட்டியது. குளிரூட்டிய ஆய்வகத்தில் புட்டியைத் திறந்தால் பல நாள் அது கல்லாக உறைந்து கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிற்க வைத்தால் இளகிவிடும். தண்ணீரோடு சேர்ந்த பிறகு 0 டிகிரியிலும் உறையாது, கவலை வேண்டாம்.

அறை வெப்பநிலையில் கலக்குங்கள். பொடி கரைந்ததும் கலக்கியை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். மேலே நிறமற்ற அடுக்கு, கீழே பளிச்சென்ற மஞ்சள் அடுக்கு, நடுவே தெளிவான கோடு. இந்தக் கோடு தெரியாமல் மேலே போகாதீர்கள். முன்பு சொன்ன பூட்டு இதுதான்.

இப்போது மீத்தேன்சல்ஃபோனமைடைச் சேருங்கள். எஸ்டரின் நீராற்பகுப்பை இது வேகப்படுத்தும். நடுவில் இரட்டைப் பிணைப்பு உள்ள ஆல்கீன்களுக்கு இது இல்லாமல் 0 டிகிரியில் வினை நகராது. ஸ்டைரீன் போல முனையில் பிணைப்புள்ளவற்றுக்கு இது வேண்டாம். உதவுவதற்குப் பதில் சற்றுத் தாமதப்படுத்தும்.

படி 3: குளிரும் கலக்கலும்

பனிக்கட்டித் தொட்டியில் குடுவையை இறக்குங்கள். வெப்பநிலை இறங்க இறங்க உப்பில் ஒரு பகுதி வீழ்படிவாகும், கலவை குழம்பாகும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். 0 டிகிரிக்கு வந்ததும் ஸ்டில்பீன் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டுங்கள். சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் காலம் மலையேறிவிட்டது.

ஸ்டில்பீன் கரையாது. பொடியாக மிதந்துகொண்டிருக்கும். அதைக் கரைக்க வேண்டுமென்று கூடுதலாகக் கரைப்பான் ஊற்றுகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. 1994-இல் ஷார்ப்லெஸ் ஆய்வகத்திலிருந்து வந்த கிலோகிராம் அளவுச் செய்முறைக்குத் திண்மத்திலிருந்து திண்மத்துக்கு என்றே பெயர் வைத்தார்கள். ஸ்டில்பீன் திண்மமாக இறங்கி, ஹைட்ரோபென்சாயின் திண்மமாகக் கரையேறியது. கட்டிகளாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே உரலில் பொடித்துக்கொள்ளுங்கள்.

இனிக் கலக்கல். இரண்டு அடுக்கு வினை நடப்பது அடுக்குகள் தொடும் பரப்பில். பரப்பு பெரிதாக வேண்டுமானால் இரண்டும் துளித்துளியாகச் சிதற வேண்டும். கலக்கி சோம்பினால் கீழே ஏறிய ஆஸ்மியம் மேலே வருவதும், மேலே இறங்கிய ஆஸ்மியம் கீழே போவதும் தடைப்படும். ஒரு தடவை இரவு முழுவதும் ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் காலையில் வந்து பார்த்தேன். வீழ்ந்த உப்புக்குள் சின்னக் கலக்கி புதைந்து, ஓரமாகத் துடித்துக்கொண்டிருந்தது. குடுவைக்குள் மேலே தெளிந்த நீர்மம், அடியில் மஞ்சள் கட்டி, ஸ்டில்பீனில் முக்கால் பங்கு அப்படியே இருந்தது. அன்றிலிருந்து முதல் அரை மணி நேரம் குடுவையின் பக்கத்திலேயே நிற்பது என் வழக்கம். பத்து மில்லிமோலுக்கு மேல் போனால் காந்தத்தை நம்பாமல் மேலிருந்து சுழலும் மோட்டார் கலக்கியைப் பயன்படுத்துங்கள்.

படி 4: எப்போது முடிந்தது

ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஆகலாம். திண்மம் மிதப்பதைப் பார்த்து வினை முடியவில்லை என்று தீர்மானிக்காதீர்கள். மிதப்பது டையாலாகவும் இருக்கலாம். டி.எல்.சி. (மெல்லடுக்கு நிறப்பகுப்பு) தகடுதான் சாட்சி. கலவையில் இரண்டு துளி எடுத்து, சிறு குப்பியில் எத்தில் அசிட்டேட்டோடு குலுக்கி, மேலடுக்கைத் தகட்டில் வையுங்கள். ஹெக்சேனும் எத்தில் அசிட்டேட்டும் 2:1 விகிதத்தில் ஓடவிட்டால் ஸ்டில்பீன் உச்சியில் நிற்கும், டையால் வெகு கீழே. புற ஊதா விளக்கில் ஸ்டில்பீன் மிகப் பிரகாசமாகத் தெரியும் என்பதால் ஐந்து சதவீதம் மீந்திருந்தாலும் பாதி மீந்ததுபோலக் காட்டிப் பயமுறுத்தும். கூடவே தூய ஸ்டில்பீன் கரைசலைத் தெரிந்த செறிவில் ஒரு புள்ளி வைத்து ஒப்பிடுங்கள்.

ஒரு நாள் ஆகியும் நகரவில்லை என்றால், முதலில் கலக்கியைப் பாருங்கள், அடுத்து மீத்தேன்சல்ஃபோனமைடு போட்டீர்களா என்று நோட்டைப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்மியத்தைக் கூட்டுவது. எலக்ட்ரான் குறைந்த, மந்தமான ஆல்கீன்களுக்கு ஆஸ்மியத்தை 1 மோல் சதவீதமாகவும் ஈனியை 5 மோல் சதவீதமாகவும் உயர்த்துவது வழக்கம். ஆஸ்மியத்தை மட்டும் கூட்டி ஈனியை அப்படியே விட்டால், ஈனி பிடிக்காத ஆஸ்மியத்துக்கு நாமே கதவு திறந்துவிட்டதாகும். வெப்பநிலையை அறை அளவுக்கு உயர்த்துவது கடைசி வழி. வேகம் கூடும், மிகை சற்று இறங்கலாம்.

படி 5: நிறுத்துதல்

குடுவை பனியில் இருக்கும்போதே சோடியம் சல்ஃபைட்டைத் திண்மமாக, சிறிது சிறிதாகச் சேருங்கள். பிறகு தொட்டியை அகற்றி, அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். மீந்த ஃபெரிசயனைடு ஒடுங்கி மஞ்சள் மங்கும். ஆஸ்மியமும் அடங்கும். அவசரப்பட்டு இந்த ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தால், மீந்த ஆஸ்மியம் கரிம அடுக்கோடு கூடவே வந்து டையாலைச் சாம்பல் நிறமாக்கும். ரோட்டரி எவாப்பரேட்டரின் குடுவைச் சுவரில் கறுப்புப் படலம் படிந்தால் காரணம் இதுதான்.

படி 6: பிரித்தெடுத்தல்

50 மில்லிலிட்டர் எத்தில் அசிட்டேட் ஊற்றிப் பிரிபுனலுக்கு மாற்றுங்கள். நீர் அடுக்கை மேலும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 25 மில்லிலிட்டர் எத்தில் அசிட்டேட்டால் கழுவி எடுங்கள். இடையே வெள்ளைத் திண்மம் மிதந்தால் அது பெரும்பாலும் ஹைட்ரோபென்சாயின். இன்னும் கொஞ்சம் எத்தில் அசிட்டேட் விட்டுக் கரையுங்கள், வடிகட்டி எறிந்துவிடாதீர்கள்.

கரிம அடுக்குகளைச் சேர்த்து, 2 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலால் கழுவுங்கள். மீத்தேன்சல்ஃபோனமைடு சற்றே அமிலத்தன்மை உள்ளது என்பதால் காரத்தில் கரைந்து போய்விடும். கழுவாமல் விட்டால் என்.எம்.ஆர். நிறமாலையில் 3 பி.பி.எம். அருகே ஒற்றைக் கம்பமாக நின்று நம்மைக் காட்டிக்கொடுக்கும். பிறகு உப்புநீர், நீரற்ற மக்னீசியம் சல்ஃபேட், வடிகட்டல், ஆவியாக்கல். வழக்கமான வேலைதான்.

ஈனி அமீன் என்பதால் அதை நீர்த்த சல்ஃபூரிக் அமிலத்தில் கழுவி எடுக்கலாம். பெரிய அளவில் செய்கிறவர்கள் அப்படி மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். செய்வதானால், ஃபெரிசயனைடு நீர் அடுக்கை முழுமையாகப் பிரித்து, கரிம அடுக்கை இரண்டு முறை தண்ணீரில் கழுவிய பிறகே அமிலத்தைத் தொடுங்கள். அமிலக் கழுவலை ஃபெரிசயனைடு கழிவுப் புட்டியில் ஊற்றுவது இன்னொரு பொறி. இரண்டுக்கும் தனித்தனிப் புட்டி, தனித்தனிச் சீட்டு.

படி 7: அளந்த பிறகு தூய்மை

முழு விளைச்சல் என்றால் 1.07 கிராம் வர வேண்டும். கையில் இருப்பதை உடனே எத்தனாலில் மறுபடிகமாக்கிவிட வேண்டாம். முதலில் ஒரு சிட்டிகை தனியாக எடுத்து வைத்து, அதில் மிகையை அளந்துவிடுங்கள். மறுபடிகமாக்கல் ஒரு கையை மேலும் செறிவாக்கிவிடும். படிகத்தில் அளந்த எண் படிகத்தைப் பற்றித்தான் பேசும், உங்கள் வினையைப் பற்றிப் பேசாது. 92 சதவீதத்தில் முடிந்த வினையை 99 என்று நோட்டில் எழுதிவைத்து, அடுத்த ஆல்கீனில் குழம்புகிறவர்கள் இந்தப் படியில்தான் தவறுகிறார்கள்.

என்.எம்.ஆர். இரண்டு கைகளையும் பிரித்துக் காட்டாது. ஆனால் வேறொரு தகவலைத் தரும். டியூட்டரோகுளோரோஃபார்மில் நமக்கு வேண்டிய டையாலின் பென்சைலிக் ஹைட்ரஜன்கள் 4.7 பி.பி.எம். அருகே வரும். மீசோ வடிவத்துக்கு, அதாவது தன் கண்ணாடிப் பிம்பமும் தானுமே ஒன்றான டையாலுக்கு, சற்று மேலே, 4.8 அருகே. மீசோ தெரிந்தால் உங்கள் ஸ்டில்பீனில் சிஸ் வடிவம் கலந்திருக்கிறது என்று பொருள். வினையைக் குறை சொல்வதற்கில்லை. உருகுநிலையும் உதவும்: ஒற்றைக் கை 146–149 டிகிரி, மீசோ 137 டிகிரியை ஒட்டி.

படி 8: மிகை

கைரல் நிரப்பு, அதாவது இரண்டு கைகளையும் வேறுபடுத்தும் நிரப்பு, கொண்ட எச்.பி.எல்.சி. (உயர்செயல் நீர்ம நிறப்பகுப்பு) கருவிதான் நம்பகமான வழி. ஆனால் அதற்கு முன் இரண்டு கைகளும் எங்கெங்கே வெளிவருகின்றன என்று தெரிய வேண்டும். அதற்குச் சரிபாதிக் கலவை தேவை. தனியாக ஒரு வினை செய்யச் சோம்பலாக இருந்தால், ஒரு மில்லிமோல் அளவில் ஆல்ஃபா வினையையும் கூடவே போட்டுவிடுங்கள். இரண்டு விளைபொருளையும் சம எடையில் கலந்தால் கலவை தயார். அதோடு, ஆல்ஃபா எதிர்க் கையைத் தந்திருக்கிறதா என்ற சரிபார்ப்பும் இலவசமாக முடிந்துவிடும்.

கலவையில் இரண்டு சிகரமும் அடிக்கோடு வரை தெளிவாகப் பிரிந்த பிறகே உங்கள் மாதிரியை ஓட்டுங்கள். கணக்கு எளிது. பெரிய சிகரத்தின் பரப்பிலிருந்து சிறியதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 1994, 6 என்று பரப்புகள் வந்தால் 1988-ஐ 2000-ஆல் வகுத்து 99.4 சதவீதம். இவ்வளவு உயரத்தில் முழு எண்ணும் சிறிய சிகரத்தின் மேல்தான் தொங்குகிறது. அந்த 6 என்பது 9 ஆனால் மிகை 99.1 ஆகிவிடும். ஆகவே சிறிய சிகரம் அடிக்கோட்டின் இரைச்சலிலிருந்து தெளிவாக எழும் அளவுக்கு மாதிரியைச் செறிவாக்குங்கள். பெரிய சிகரம் தலை தட்டையாகும் அளவுக்கும் போகாதீர்கள். சிறிய சிகரமே தெரியவில்லை என்பதற்காக நூறு சதவீதம் என்று எழுதுவது நேர்மையல்ல. 99-க்கு மேல் என்று எழுதுங்கள்.

எந்தக் கை என்பதைப் போலாரிமீட்டர் சொல்லும். ஆர்,ஆர் வடிவம் எத்தனாலில் ஒளியை வலப்பக்கம் திருப்பும். சுழற்சி எண்ணை வைத்தே மிகையைக் கணக்கிடும் பழைய பழக்கம் வேண்டாம். செறிவும் வெப்பநிலையும் மாசும் அந்த எண்ணைச் சுலபமாக அசைத்துவிடும். குறி நேர்மறையா எதிர்மறையா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆல்கீனுக்குப் போகும்போது

ஸ்டில்பீனில் கை பழகியதும் மெத்தில் சின்னமேட்டுக்குப் போகலாம். அதிலிருந்து வரும் டையாலை வைத்து டாக்சால் என்னும் புற்றுநோய் மருந்தின் பக்கச் சங்கிலியைச் செய்திருக்கிறார்கள். 97 சதவீத மிகை கிடைக்கும். எஸ்டர் காரத்தில் உடையக்கூடியது என்பதால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கழுவலைக் குளிர்ந்த கரைசலில், சட்டென்று முடித்துவிடுங்கள். கீட்டோன் அடுத்திருக்கும் ஆல்கீன்களுக்கு ஏடி-மிக்ஸின் காரத்தன்மையே அதிகம். சோடியம் பைகார்பனேட் சேர்த்து அதைத் தணிக்க வேண்டும். இரண்டு இரட்டைப் பிணைப்பு அடுத்தடுத்து இருக்கும் டையீன்களில் எலக்ட்ரான் செறிந்த பிணைப்புதான் முதலில் வினைபுரியும், பெரும்பாலும் வினை அதோடு நின்றுவிடும்.

ஆல்கீன் திரவமாக இருந்தால் ஒரு வசதி, ஒரு தொல்லை. மேலடுக்கில் எளிதில் கரைந்துவிடும் என்பது வசதி. சிறிய டையால்கள் தண்ணீரை விட்டு வர மறுக்கும் என்பது தொல்லை. ஸ்டைரீனின் டையாலுக்கே எத்தில் அசிட்டேட்டால் மூன்று முறை போதாது. நீர் அடுக்கில் கரைகிற மட்டும் சாதாரண உப்பைப் போட்டு, ஐந்தாறு முறை எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு துளியைத் தகட்டில் வைத்துப் பார்த்து, புள்ளி மறைந்த பிறகு நிறுத்துங்கள்.